யார் கொடுத்த அரிவாள்?

தோழரே!

முத்துப்பாண்டி எந்த ஊர்க்காரன் என்று கேட்டால் நகைப்பீர்கள். "'கில்லி' படத்தைப் பத்துமுறை பார்த்தவனிடம் கேட்கும் கேள்வியா இது? மதுரைக்காரன் என்று தொட்டில் குழந்தையும் சொல்லுமே!" என்பீர்கள்.

இல்லை, தோழரே, இல்லை! முத்துப்பாண்டி பிறந்தது கர்னூலில். அவனுடைய முதற்பெயர் ஓபுல் ரெட்டி. 2003 ஆம் ஆண்டு தெலுங்கில் 'ஒக்கடு' என்றொரு படம் வந்தது. ஐதராபாத்திலிருந்து கர்னூலுக்குச் செல்லும் கபடி ஆட்டக்காரன் ஒருவன், அங்கே ஒரு கொடியவனின் பிடியில் சிக்கிய பெண்ணை மீட்டு வருகிறான் என்பது கதை. படம் பணத்தைக் கொட்டிற்று. மறு ஆண்டே, 2004 இல், அந்தக் கதை தமிழுக்கு வந்தது. ஐதராபாத் சென்னையாயிற்று, கர்னூல் மதுரையாயிற்று, ஓபுல் ரெட்டி முத்துப்பாண்டியானான். நடித்தவர்கூட மாறவில்லை. இரண்டு ஊர்க் கொடியவனும் பிரகாஷ்ராஜே! ஊர்ப்பலகை ஒன்றுதான் மாறிற்று.

வைகைக் கரைக்கு வந்து, வாழும் மக்களைப் பார்த்து, அவர் வழக்கையும் வாழ்வையும் அறிந்து எழுதிய பாத்திரமா அது? துங்கபத்திரைக் கரையிலே அளவெடுத்துத் தைத்த சட்டை! அதைக் கொண்டுவந்து மதுரைக்காரன் தோளில் மாட்டினார்கள். என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்று தமிழகம் கைதட்டிற்று. மதுரையும் சேர்ந்து தட்டிற்று. நானும் தட்டினேன், தோழரே. மறைப்பானேன்?

"படந்தானே! பார்த்தோம், மறந்தோம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையா?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். அவர்கள் சென்னையில் வாடகை வீடு தேடும் மதுரைப் பிள்ளையைக் கேட்கட்டும். கையில் பட்டம், சட்டைப்பையில் வேலைக்கான கடிதம், முன்பணமும் ஆயத்தம். படியேறுகிறான். வீட்டம்மையார் அன்போடுதான் கேட்கிறார்: "எந்த ஊர் தம்பி?" "மதுரைங்கம்மா." சிறிது நேரம் பேச்சில்லை. "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்ப்பா." அந்த வீட்டுக்காரர் எந்நாளும் பதில் சொன்னதில்லை! விடுதிக்குத் திரும்பினால் உடனுறையும் நண்பன், "பைக்குள்ளே அரிவாள் இருக்கிறதா?" என்று கேலி செய்கிறான். முதல்முறை அது நகைச்சுவை. நூறாவது முறையும் அதே பிள்ளை சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால், "பார்த்தாயா, மதுரைக்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது" என்பார்கள். தப்பிக்க வழியில்லாத பொறி அது.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணிநேர வேலை கேட்டு 1886 இல் உழைப்பாளர் திரண்ட ஊர். ஹேமார்க்கெட்டில் இரத்தம் சிந்திய ஊர். நாம் கொடியேற்றிக் கொண்டாடுகிறோமே மே நாள், அதற்கு வித்திட்ட ஊர். ஆனால் பாரெங்கும் சிகாகோ எதனால் பெயர் பெற்றது? அல் கபோன் என்ற கள்ளச்சாராயக் கும்பல் தலைவனால்! 1931 இல் வரி ஏய்ப்புக்காக அவன் தண்டிக்கப்பட்டான். அதே ஆண்டு 'லிட்டில் சீசர்' என்றொரு படம், அடுத்த ஆண்டு 'ஸ்கார்ஃபேஸ்' என்றொரு படம். தொழிலாளியின் சிகாகோ தொலைந்தது. துப்பாக்கிச் சிகாகோ நிலைத்தது. இதில் ஆதாயம் யாருக்கு என்று நம் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மதுரைக்கு வருவோம். அரிவாள் ஏந்திய மதுரை என்ற இந்தச் சித்திரத்தைத் திரைப்படக்காரர்கள் தாமே வரைந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு கற்பனை அவர்களுக்கு ஏது! அவர்கள் வாங்கியது பழைய சரக்கு. கடை வைத்திருந்தவன் வெள்ளைக்காரன்.

1871 இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் என்றொன்று பிறந்தது. 1911 இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914 இல், மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியில், பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. பின்னர் ஊர் ஊராகப் பரவிற்று. குற்றம் செய்தவனுக்குத் தண்டனை என்பது எல்லா நாட்டிலும் உண்டு. இன்னும் குற்றமே செய்யாதவனை, இவன் செய்யத்தான் போகிறான் என்று பிறப்பிலேயே முத்திரை குத்தும் விந்தையை ஏகாதிபத்தியம் நமக்கு அருளிற்று! வயது வந்த ஆண்மகன் கைரேகை பதிக்க வேண்டும். இரவானால் மனைவி மக்களோடு படுக்கக் கூடாது; காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். அடுத்த ஊருக்குப் பெண் பார்க்கப் போனாலும் ராத்திரிச் சீட்டு வேண்டும். ஊர்க்காவல் காத்து அதற்குக் கூலி பெற்று வந்த மக்கள் அவர்கள். அரசின் போலீசு வந்து அமர்ந்ததும் பழைய காவல்காரன் புதிய சட்டத்தின் கண்ணுக்குக் கள்வனாகிவிட்டான்.

ரேகை வைக்கமாட்டோம் என்று மறுத்து நின்றது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. துப்பாக்கி பேசிற்று. 16 உயிர்கள் போயின; அவற்றுள் ஒன்று மாயக்காள் என்ற பெண்ணின் உயிர். அந்த மக்களுக்காக வழக்காட வந்த மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். மலையாள மண்ணில் பிறந்த கிறித்தவர் அவர். மதுரையின் மானத்துக்காக மன்றம் ஏறினார். பெருங்காமநல்லூர் எத்தனை படத்தில் வந்தது? ரோசாப்பூ துரைக்கு எத்தனை அடி படச்சுருள் செலவாயிற்று? ஆளை வெட்டிச் சாய்க்கும் காட்சிக்கு மட்டும் அளவில்லாத சுருள்!

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947 இல் ஒழிந்தது. பதிவேட்டை மூடினார்கள். பதிவேட்டிலிருந்து எழுந்து நடந்த உருவத்தை மூட ஒருவரும் இல்லை. அது ஏடுகளுக்குள் புகுந்தது. கொலை எந்த ஊரில் நடக்கவில்லை? வேறிடத்தில் நடந்தால் அது முன்விரோதம், சொத்துத் தகராறு, குடும்பப் பூசல். வைகைக்கு இப்பால் நடந்தாலோ தேநீர்க் கடைத் தட்டியில், 'மதுரையில் பயங்கரம்' என்று ஊர்ப்பெயரே குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. பின்னர் அது திரைக்குள் புகுந்தது. கட்சி சாராத ஏடுகளைக் கண்டிக்கும்போது நம் ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். நாமும் சுத்தமில்லை, தோழரே.

இவ்வளவும் பழி என்றால் பழியாகவே நின்றிருக்கும், எதிர்த்துப் போரிட்டிருப்போம். நடந்தது அதனினும் கொடிது. பழியைப் பட்டமாக்கி நம் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 'மதுரைக்காரன் வீரன், மானக்காரன், வெட்டுவான்' என்றார்கள். நாம் மார்பை நிமிர்த்திக்கொண்டோம். கைரேகை வைக்க மறுத்தவனின் பேரன், அதே பதிவேட்டின் வாசகத்தைத் தன் மோட்டார் வண்டியின் பின்புறம் எழுதிக்கொண்டு ஓட்டுகிறான்!

மதுரை வீரன் கதையை எண்ணிப் பாருங்கள். நாட்டார் கதையின் வீரன் யார்? ஒடுக்கப்பட்ட குலத்தில் வளர்ந்தவன். திருமலை நாயக்கர் காலத்தில் மதுரையைக் கள்வரிடமிருந்து காத்தவன். இறுதியில் அரசாணையால் மாறுகை மாறுகால் வாங்கப்பட்டவன். அதாவது, தோழரே, அவன் வெட்டியதற்காகத் தெய்வமானவன் அல்லன், வெட்டுப்பட்டுத் தெய்வமானவன்! 1956 இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' வெற்றிமேல் வெற்றி கண்டது. அதிலே அவனைச் செருப்புத் தைக்கும் குடும்பத்தில் வளர்ந்தவனாகக் காட்டினார்கள். பிறப்பால் மட்டும் அரசகுமாரனாக்கிவிட்டார்கள். எளியவன் வீரனாகப் பிறக்கக் கூடாதாம்! அந்தப் பொய்யையாவது அரைப்பொய் என்று விடலாம். இன்றைய திரையின் மதுரை வீரனோ கையும் காலும் எடுப்பவன். எடுக்கப்பட்டவன் எங்கே போனான் என்று கேட்பாரில்லை.

நம் மேடைகளையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். வீரவாள் பெறாத தலைவர் நம்மிடையே உண்டா? மாவட்ட மாநாடு என்றால் வெள்ளி வாள், வட்டக் கூட்டம் என்றால் தகர வாள். பிறந்தநாள் பதாகையில் சிங்கம், புலி, சீறும் காளை, சிவந்த கண். அறிவால் வென்ற இயக்கம் என்று பேசிக்கொண்டே வாளை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொள்கிறோம். அந்தப் படத்தைப் பார்க்கும் அயலூர்க்காரன் நம்மைப் பற்றி என்ன எண்ணுவான்?

சரி, அரிவாளே இல்லாத ஊரா மதுரை? அப்படிச் சொன்னால் நான் பொய்யன். இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதில்தான் திரை பொய் சொல்கிறது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

மேலூரை அடுத்த மேலவளவு. ஊராட்சித் தலைவர் பதவி 1996 இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30. மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தோரையும் வெட்டிக் கொன்றார்கள். நாற்காலியில் அமர்ந்ததுதான் அவர் செய்த குற்றம். இந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019 இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். இவ்வூர்களின் தலைவர் பதவியும் 1996 இல் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான ஊராட்சி அமையவில்லை. மனுப்போட ஆளில்லை, போட்டாலும் வென்ற அன்றே விலகல் கடிதம். 2006 இல்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் நிலைத்து அமர்ந்தார்கள். உத்தப்புரத்தில் மனிதரை மனிதரிடமிருந்து பிரித்து 1989 இல் எழுந்த சுவர், 2008 மே 6 அன்று ஒரு பகுதி இடிக்கப்படும் வரை 19 ஆண்டுகள் நின்றது. இத்தனை காலம் அந்தச் சுவர் நிற்க ஒரு வீச்சரிவாளும் ஓங்கப்பட வேண்டியதில்லை. ஓங்கப்படும் என்ற அச்சமே போதும்.

மதுரையின் மெய்யான அரிவாள் இதுதான். சாதி பிடித்திருக்கும் அரிவாள். திரையில் அது வருகிறதா? வருகிறது, நாயகன் கைக்கு மாற்றப்பட்டு, நெய் பூசிப் பளபளப்பாக்கப்பட்டு, பறையொலியோடு வருகிறது. மேலவளவு முருகேசனின் கழுத்துக்கு வந்த அதே கருவியை, 'ஊர்ப் பெருமை' என்று ஏழாம் வகுப்புப் பையன் பார்த்துக் கைதட்டுகிறான். அந்தப் பையன் உத்தப்புரத்துச் சுவரின் எந்தப் பக்கத்துப் பையனாகவும் இருக்கலாம் என்பதுதான் என் நெஞ்சைச் சுடுகிறது. அரிவாள் ஊரின் அடையாளமாகிவிட்டால் அது சாதியின் கருவி என்பது மறைந்துபோகும். 'மதுரைக்காரன் வெட்டுவான்' என்ற ஒரே வாசகத்தில் வெட்டியவனும் வெட்டுண்டவனும் ஒன்றாகிவிடுகிறார்கள் அல்லவா? சாதிக்கு இதைவிட நல்ல முகமூடி எவன் செய்து தருவான்?

எல்லாப் படத்தையும் ஒரே தராசில் நிறுக்கிறேன் என்று எண்ணவேண்டாம். பாலாஜி சக்திவேலின் 'காதல்' 2004 இல் வந்தது. 'கில்லி' வந்த அதே ஆண்டு. வண்டி பழுதுபார்க்கும் மதுரைப் பையனைப் பெண்வீட்டார் என்ன கதிக்கு ஆளாக்கினார்கள் என்பதை அந்தப் படம் காட்டிற்று. வன்முறை எந்த வீட்டிலிருந்து புறப்படுகிறது என்பதைக் காட்டிற்று. சசிகுமாரின் 'சுப்பிரமணியபுரம்' 2008 இல் வந்தது. வேலையற்ற இளைஞர் கையில் கத்தியைத் திணித்தது பதவி இழந்த ஓர் அரசியல்வாதியின் குடும்பம். காரியம் முடிந்ததும் அவர்களைக் கைவிட்டதும் அதே குடும்பம். நம்மைப் போன்ற கட்சிக்காரர்களைச் சுட்டிய விரல் அது! ஆனால் அந்தப் படத்திலிருந்து சந்தை எதை எடுத்துக்கொண்டது? தாடியை எடுத்துக்கொண்டது; அகலக் கால்சட்டையை எடுத்துக்கொண்டது; அரிவாளை எடுத்துக்கொண்டது. விரல் எங்கே சுட்டிற்று என்பதை விட்டுவிட்டது. பின்னால் வந்த படங்கள் அந்தத் தாடியைத்தான் பிரதி எடுத்தன.

நாட்காட்டி அடிப்பவர்களிடம் இன்னொரு மதுரை இருக்கிறது. கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா, நள்ளிரவு இட்லி. கேட்க இனிமைதான். ஆனால் அந்த மல்லிகையை விடியுமுன் பறிக்கும் பெண்ணின் விரல் அதில் இல்லை. சுங்குடிச் சேலைக்கு ஆயிரமாயிரம் முடிச்சுப் போடும் கை இல்லை. ஹார்வி ஆலையின் சங்கொலியில் எழுந்து சங்கொலியில் உறங்கிய தலைமுறை இல்லை. 11 படுக்கைகளோடு 1976 இல் மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உலகமே வந்து பயிலும் இடமாக வளர்ந்தது, அதற்கும் இடமில்லை. பக்கத்தில் கீழடியில் மண்ணைத் தோண்டினால் நூல் நூற்ற தக்கிளியும், பெயர் கீறிய பானை ஓடும், விளையாடிய பகடையும் வருகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே எழுதப் படிக்கத் தெரிந்த மக்களின் பேரப்பிள்ளைகளைத்தான் படத்தில் எழுத்தறியாத முரடர்களாக நடமாட விடுகிறார்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

சென்ற மாநாட்டுக்காக நான் எழுதிய நாடகத்தின் மூன்றாம் காட்சியில் ஒரு மதுரை ரௌடி வருவான். மீசை, கைலி, கர்ஜனை. அட்டை அரிவாள் விளக்கொளியில் மின்னவில்லை என்று மெய்யான அரிவாள் வாங்க இராமநாதபுரம் சாலையில் திருப்பாச்சேத்திக்குப் போனேன். பட்டறையில் முதியவர் ஒருவர். லாரி வில்லுப்பட்டையை உலையில் காய்ச்சி அடித்துக்கொண்டிருந்தார். விலை பேசி முடித்ததும் ஒரு நோட்டை எடுத்தார். 2021 இல் தமிழகக் காவல்துறை இட்ட கட்டளை அது: அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி எல்லாம் குறிக்க வேண்டும்.

"பேரு சொல்லுங்க தம்பி." சொன்னேன். "ஊரு?" சொன்னேன். "எதுக்கு?"

"நாடகத்துக்கு, ஐயா."

நிமிர்ந்து பார்த்தார். "காட்டுக்குப் போறது கொறஞ்சு போச்சு. கதிரறுக்க மிசினு வந்திருச்சு. கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனுக்குப் போகுது. அப்புறம் உங்களை மாதிரி நாடகம், சினிமான்னு வர்றாக. நீங்க ஆடிட்டுப் போயிருவீக. போலீசு எங்க வாசல்ல வந்து நிக்கிது."

அவர் மகன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறானாம். அங்கே ஊர்ப்பெயரைத் திருப்பாச்சேத்தி என்று சொல்வதில்லையாம். "மானாமதுரைப் பக்கம்னு சொல்லிக்கிறான்" என்றார். 2005 இல் 'திருப்பாச்சி' என்று ஒரு படம் வந்து ஓடியதை நான் நினைத்துக்கொண்டேன், வாய்திறக்கவில்லை. நோட்டில் கையெழுத்திட்டபோது கீழக்குயில்குடி நினைவுக்கு வந்தது. எனக்குப் பேனா கொடுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது மைத்தட்டு.

அந்த அரிவாளோடு நாடகம் நடந்தது. ரௌடி நுழைந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. மறுநாள் நம் தோழர்கள் பலர் எனக்குக் கைகொடுத்து, "மூன்றாம் காட்சி பிரமாதம்" என்றார்கள். முதலிரண்டு காட்சிகளில் ஊராட்சி உரிமையைப் பற்றி நான் எழுதிய உரையாடலில் ஒரு வரிகூட ஒருவர் நினைவிலும் இல்லை.

அந்தக் காட்சியைக் கிழித்துவிட்டேன். புதிதாக எழுதியிருக்கிறேன். மேடையில் ஒரு பேருந்து. மேலூரிலிருந்து புறப்பட்டுப் போகிறது. சன்னலோரத்தில் ஒரு ஊராட்சித் தலைவர் அமர்ந்திருக்கிறார். நடத்துநரிடம் மீதிச் சில்லறை கேட்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் மழை வருமா என்று பேசுகிறார். அரிவாள் இந்தக் காட்சியிலும் வரும். திருப்பாச்சேத்தியில் வாங்கிய அதே அரிவாள்தான். உசிலம்பட்டிக் கூட்டத்தில் அரங்கேற்றம். அந்த இடத்தில் கொட்டகை கைதட்டுகிறதா, வாய்மூடி இருக்கிறதா என்று பார்க்க நான் திரைக்குப் பின்னால் நிற்பேன். நீங்கள் முன்வரிசையில் இருங்கள், தோழரே.